தொண்ணூற்றொன்பது சதவீதம்

என் மாமியார் ஒரு லேப்டாப்புக்கு ஜுரச் சார்ட் எழுதினார். கேட்டால் சிரிப்பு வரும். நானும் முதலில் சிரித்தேன், அப்புறம்தான் வயிறு எரிய ஆரம்பித்தது.

அத்தை முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தவருக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. ஆனால் வீட்டில் யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. மாமா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் கருங்கல் மாதிரி உடம்புக்காரர்கள். அந்த நேரம் பார்த்துத்தான் என் ஓரகத்தி, கொழுந்தனைக் கட்டிக்கொண்டு, கூடவே ஒரு கேமிங் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். கண் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவள், அந்த வேலையை விட்டுவிட்டு, ஐந்து பேர் சேர்ந்து எதிரே இருக்கும் ஐந்து பேரைச் சுடுகிற ஒரு விளையாட்டை நாள் முழுக்க ஆடிக்கொண்டிருந்தாள். எந்த மாமியார் இதைப் பொறுத்துக்கொள்வார்? எப்போது வெடிக்கும் என்று நான் காத்திருந்தேன், மறைக்க என்ன இருக்கிறது. வெடிக்கவில்லை. அத்தை ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

திரையின் மேல் மூலையில், லேப்டாப்பின் மூளையான பிராசசரின் சூடு ஓர் எண்ணாகத் தெரியும். அந்த எண் தொண்ணூற்றைந்தைத் தாண்டினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் படம் திக்கித் திக்கி வரும். திக்கினால் எதிராளி முந்திக்கொண்டு சுட்டுவிடுவான். சின்னவள் இதை அத்தைக்கு ஒரே ஒரு முறைதான் விளக்கினாள். மறுநாளே அத்தை கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணைப் பார்ப்பது, கட்டத்தில் புள்ளி வைப்பது, புள்ளிகளைச் சிவப்புப் பேனாவால் இணைப்பது என்று வேலை ஜரூராக நடந்தது. தொண்ணூற்றுநாலு வந்துவிட்டது, அதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடு என்று பேஷண்டுக்காகப் பரிந்து பேசுவது வேறு.

இதில் எனக்கு என்ன வந்தது? சொல்கிறேன். இரண்டு தெரு தள்ளி லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருப்பவள் நான்தான். ஒன்பது வருடமாக அந்தக் கடையில் நானேதான் முதலாளி, நானேதான் வேலையாள். எத்தனை லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றியிருப்பேன், எத்தனை மின்விசிறியில் தூசி எடுத்திருப்பேன். ஒன்பது வருடத்தில் அத்தை என் கடைப் படியை மிதித்தது கிடையாது. பெரிய மருமகள் என்ன செய்கிறாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றா" என்பார். ஏதோ!

ஒரு நாள் கடையில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் பட்டு என் கை கொப்பளித்துப் போயிற்று. ஓடி வந்து அத்தையிடம் காட்டினேன். மருந்து அலமாரியில் இருக்கிறது, தடவிக்கொள் என்றார். முப்பத்திரண்டு வருட நர்ஸ்! அதே அத்தை, சின்னவளுக்கு ஆடும்போது உள்ளங்கை வேர்க்கிறது என்று துண்டை நான்காக மடித்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் புலம்பினால், அம்மாவுக்குப் பொழுது போக வேண்டாமா, நீ ஏன் இதையெல்லாம் மனசில் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய் என்று கேட்பார். அவருக்கு வீட்டில் சத்தம் வராமல் இருந்தால் போதும்.

இப்படி இருக்கும்போது, அந்த விளையாட்டைத் தொழிலாகவே ஆடுகிற ஒரு பெரிய அணி ஆள் எடுக்கப்போவதாக அறிவித்தது. மூன்று சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குத் தேர்வு ஆட்டம். மூன்று வாரப் புள்ளிகளையும் கூட்டி, முதல் ஆறு பேருக்கு இடம். இடம் கிடைத்தால் அதுவே மாதச் சம்பள வேலை. கிடைக்காவிட்டால் கண் ஆஸ்பத்திரிக்கே திரும்பிவிடுவதாகச் சின்னவள் கொழுந்தனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அவளுக்கு எல்லாமே அந்த மூன்று ஆட்டத்தில்தான் இருந்தது.

முதல் சனிக்கிழமை அருமையாக ஆடினாள். கடைசிப் பத்து நிமிடத்தில் சூடு தொண்ணூற்றேழைத் தொட்டு, படம் திக்க ஆரம்பித்தது. அப்படியும் அன்று நான்காவதாக வந்தாள். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, கொஞ்சம் திறந்து பாருங்கள் அக்கா என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். அத்தைதான் குறுக்கே புகுந்தார். "இதைக் கம்பெனி ஆளுங்ககிட்டயே குடுத்துடலாமே. இவ ஆபீஸ்காரங்க லேப்டாப்தானே பாக்கறவ."

சுருக்கென்று தைத்தது. முகத்தில் எதையும் காட்டாமல் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். இப்போது சொல்கிறேன், அன்று நான் செய்த வேலையில் ஒரு குறை கிடையாது. சூட்டை வெளியே தள்ளுகிற தகடுகளுக்கு நடுவில் கம்பளி மாதிரி தூசி அடைத்துக் கிடந்தது. பிராசசருக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவில் தடவியிருந்த பசை காய்ந்து தூளாக உதிர்ந்தது. எல்லாவற்றையும் துடைத்து, புதுப் பசை தடவி, திருகுகளை முறைப்படி குறுக்கும் மறுக்குமாக இறுக்கினேன். விளையாட்டை ஓட்டிப் பார்த்தபோது எண்பத்துநாலு. இந்த மாதிரி இயந்திரத்துக்கு எண்பத்துநாலு என்பது நல்ல ஆரோக்கியம். என் கையையே நான் தட்டிக்கொடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். சின்னவள் இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு, "வெண்ணெய் மாதிரி ஓடுது அக்கா" என்றாள். அத்தை நோட்டில் புள்ளி வைத்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அதையே பார்த்தார். பிறகு, எண்பத்துநாலு அதிகம்தானே, இன்னும் குறைக்க முடியாதா என்று கேட்டார். நல்லா இருக்கிறது என்று ஒரு வார்த்தை? கிடையாது. உழைத்தாயே, தண்ணீர் குடித்தாயா என்று ஒரு வார்த்தை? அதுவும் கிடையாது. துண்டை மடித்துச் சின்னவள் பக்கத்தில் வைத்துக்கொண்டேதான் என்னிடம் அதைக் கேட்டார்.

எண்பத்துநாலு போதும், இதற்குக் கீழே போனால் வேகமும் கூடவே போய்விடும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். நான் சொல்லவில்லை.

"முடியும் அத்தை," என்றேன்.

எல்லோர் கண் முன்னாலும்தான் செய்தேன். லேப்டாப்பின் பவர் செட்டிங்ஸுக்குள் போனால், பிராசசர் அதிகபட்சம் எத்தனை சதவீதம் உழைக்கலாம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நூறு என்று இருந்தது. அழித்துவிட்டுத் தொண்ணூற்றொன்பது என்று போட்டேன். பார்த்தால் ஒரு சதவீதம்தான். ஆனால் நூறு இல்லை என்று தெரிந்ததுமே பிராசசர் தன் மேல்வேகத்தை முழுசாக அணைத்துவிடும், சாதாரண வேகத்துக்கு மேல் ஏறவே ஏறாது. கடிதம் அடிக்கிற ஆபீஸ்காரர்களுக்கு இதை நான் தினமும் செய்து கொடுக்கிறேன், அவர்கள் வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். ஒரு இமைப்பொழுதில் முந்த வேண்டிய ஆட்டக்காரிக்கு இது காலைக் கட்டிவிட்டு ஓடச் சொல்வது. படம் எத்தனை வேகத்தில் வருகிறது என்று காட்டும் எண்ணைச் சின்னவள் திரையிலிருந்து மறைத்து வைத்திருந்தாள், அதைப் பார்த்தால் பதறுகிறது என்று. மூலையில் சூடு மட்டும்தான் தெரியும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அறுபத்தாறு.

அத்தை இரண்டு தடவை பார்த்தார். எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பெரியவளுக்கு என்ன கைராசி பாரு! நான் இத்தனை நாள் கவனிக்கவே இல்லையே." அன்று ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னார், கொழுந்தனிடம் சொன்னார், போனில் தன் தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னார். ஒன்பது வருடம் காத்திருந்தது ஒரே ராத்திரியில் கிடைத்துவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாளைக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மாற்றினால் மறுபடி எண்பத்துநாலு, மறுபடி அந்த மூக்குக் கண்ணாடி. அந்த வாரம் முழுக்க நான் மாற்றவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை சின்னவள் சொதப்பினாள். திரும்புவதற்குள் சுட்டுவிட்டார்கள், குறி வைப்பதற்குள் ஆளைக் காணோம். அன்று பத்தொன்பதாவது இடம். சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முதலில் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, சந்தோஷமாகவே இருந்தது. அவள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, இனிமேல் இயந்திரத்தின் மேல் பழி போட முடியாது, அக்கா அதைச் சரியாக வைத்திருக்கிறார், கோளாறு என் கையில்தான் என்று அத்தையிடம் சொன்னாள். தன் விரல்களை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டு அழுதாள். குளிர்ச்சி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். போனால் போகட்டும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றவும் செய்தேன்.

அந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. செவ்வாய்க்கிழமை அத்தை என் கடைக்கு வந்தார். நான் பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்தார். வந்த வாடிக்கையாளர் ஒருவரிடம், இவள் கை வைத்தால் எந்த லேப்டாப்புக்கும் ஜுரம் இறங்கிவிடும் என்றார். எத்தனை நாள் ஆசைப்பட்ட காட்சி அது! வாடிக்கையாளர் போனதும் அத்தை பெருமூச்சு விட்டார். சின்னவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார். கண் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, திங்கட்கிழமையிலிருந்து வரலாமா என்று கேட்டுவிட்டாள் என்றார். ராத்திரி எல்லாம் விரலை மடக்கி நீட்டிப் பழகுகிறாள் என்றார். முக்கால் மணி நேரம் என் கடையில் உட்கார்ந்து அவளைப் பற்றியே பேசிவிட்டு எழுந்து போனார். அவர் போனபிறகு நான் அந்த ஸ்டூலை எட்டி உதைத்தேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். அந்த முக்கால் மணி நேரத்தில் என்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

மூன்றாவது சனிக்கிழமை, நான் கடையைத் திறந்து விளக்குப் போடுவதற்குள் அத்தை வந்து நின்றார். கையில் நோட்டு. மேசைமேல் விரித்து வைத்தார். இடது பக்கத்தில் பழைய சிவப்புக் கோடு மலை மாதிரி ஏறி இறங்கிக் கிடந்தது. வலது பக்கத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரே நேர்கோடு.

"சும்மா கிடக்கறப்ப அம்பது. ஆட ஆரம்பிச்சா அறுபத்தாறு. அதுக்கப்புறம் ஒன்றரை மணி நேரம் அசையவே இல்லை. பக்கத்துல உக்காந்திருக்கற எனக்கே நெஞ்சு படபடங்குது, அதுக்கு ஒண்ணும் ஆகலை. ஓடறவனுக்கு மூச்சு வாங்கலைன்னா அவன் ஓடலைன்னு அர்த்தம். என்ன பண்ணின இதுக்கு?"

"நீங்கதானே குறைக்கச் சொன்னீங்க."

"சொன்னேன். குறைச்சா அவ ஆட்டம் கெடும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

வேறு யாராவது என்றால் கத்தியிருப்பார்கள். அத்தை கத்தவில்லை. வலி எங்கே என்று கேட்டுவிட்டுப் பேஷண்ட் வாயைத் திறக்கும்வரை நிற்கிற நர்ஸ் அவர், அப்படியே நின்றார். தெரியும் என்று சொன்னேன். சொன்னதும் அணை உடைந்துவிட்டது. ஒன்பது வருடத்தையும் மேசைமேல் கொட்டினேன்.

"அவ வந்து ரெண்டு வருஷம் ஆகலை. அவ லேப்டாப்புக்கு நோட்டு போட்டு ஜுரம் பாக்கறீங்க. நான் கை வெந்து வந்து நின்னா அலமாரியைக் காட்டறீங்க. என் பக்கத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் உக்காந்திருக்கீங்களா அத்தை? பொறாமைதான். வயிறெரிஞ்சுதான் பண்ணினேன். போதுமா?"

அத்தை நோட்டை மூடினார். "வார்டுல நாப்பது பேர் இருப்பாங்க. யாருக்கு ஜுரம் ஏறுதோ அவங்க பக்கத்துலதான் நான் உக்காருவேன். நல்லா இருக்கறவங்களை எழுப்பிக் கேக்கறதில்லை. நீ நல்லா இருக்கேன்னு நெனச்சேன்."

"நல்லா இருக்கேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை," என்றார் அத்தை. நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "நானும் கேக்கலை," என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் இன்னும் கொஞ்சம் அழுதிருப்பேன். அத்தை விடவில்லை. மூன்று மணிக்கு அவளுக்கு ஆட்டம், எழுந்து வா, நீயே உன் வாயால் அவளிடம் சொல், உனக்காக நான் சொல்ல மாட்டேன் என்றார். ஷட்டரை இறக்கிவிட்டு அவர் பின்னால் நடந்தேன். இரண்டு தெரு தூரம்தான், இரண்டு ஊர் தாண்டிய மாதிரி கால் வலித்தது.

சின்னவள் மேசையில் உட்கார்ந்து விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. என்ன செய்தேன், அதனால் என்ன ஆகும், தெரிந்தே செய்தேன் என்று மூன்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள், லேப்டாப்பைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். காட்டுவதற்குக் கையை நீட்டினேன். என் கை படாமல் லேப்டாப்பைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, அவளே தேடிக் கண்டுபிடித்து, நூறு என்று அடித்தாள்.

பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "போன வாரம் நான் என் கையைத் திட்டிக்கிட்டு அழுதேன். நீங்க டீ போட்டுக் குடுத்தீங்க அக்கா."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போய் நின்றேன்.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மின்விசிறி இரைகிற சத்தம் சமையலறை வரை கேட்டது. எண்பத்திரண்டு, எண்பத்தைந்து, மின்விசிறி இரையும்போது எண்பத்துநாலு, மறுபடி எண்பத்தாறு. கோடு போட்டிருந்தால் பழையபடி ஏறி இறங்கியிருக்கும். அத்தை அன்று நோட்டைத் திறக்கவில்லை. சின்னவள் ஆடியதை எப்படிச் சொல்ல? எதிராளி மூலையில் தலையைக் காட்டுவதற்குள் அவள் முடித்திருந்தாள். எனக்கு அந்த விளையாட்டில் அரிச்சுவடிகூடத் தெரியாது, எனக்கே புரிந்தது. அந்த வேகத்தைத்தான் போன வாரம் நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குப் பட்டியல் வந்தது. அன்றைய ஆட்டத்தில் அவள்தான் முதல். கொழுந்தன் துள்ளிக் குதித்தார், என் வீட்டுக்காரர் கை தட்டினார். சின்னவள் குதிக்கவில்லை, விரலால் திரையை மேலே தள்ளி மூன்று வாரக் கூட்டலைப் பார்த்தாள். ஏழாவது இடம். ஆறாவது ஆளுக்கும் அவளுக்கும் இரண்டு புள்ளி வித்தியாசம். போன சனிக்கிழமை பத்தொன்பதாவதாக வராமல் இன்னும் நாலு இடம் முன்னால் வந்திருந்தால்கூட உள்ளே போயிருப்பாள்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனுக்கும் இன்னும் விஷயம் தெரியாது, பாவம், அதிர்ஷ்டம் இல்லை என்று பேசிக்கொண்டார்கள். சின்னவள் லேப்டாப்பை மூடினாள். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டாள், ஒன்பது மணி, சரி என்றாள். போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. அத்தை நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்து, முதுகைத் தடவிக் கொடுத்தார். தடவிக்கொண்டே இருந்தார்.

நான் சமையலறை வாசலிலேயே நின்றேன். அந்த இரண்டு புள்ளியும் என்னால் போனது. போய் அவள் காலில் விழுந்தாலும் திரும்பி வராது. என் கண்ணிலும் தண்ணீர் வந்தது, அது அவளுக்காக வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பொய் சொல்வானேன். நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, அவள் முதுகின்மேல் ஏறி இறங்கிய அத்தையின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை ஒரு தடவை என் முதுகுக்கு வரக் கூடாதா என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது.